தண்ணீர் கலக்காத பால்

என் வீட்டுக்காரர் சேனாபதி தங்கமான மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கப்போவதில்லை. எனக்கும்தான் கிடைக்காது. எங்கள் வீட்டில் இருக்கிற மூன்று பேரில் அந்த வாரம் ஒழுங்காக நடந்துகொண்டது எங்கள் மகள் தென்றல் மட்டுமே. அவளுக்கு வயது நாலரை மாதம்.

நான்காவது மாதச் செக்கப்புக்கு, கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கிற டப்ளினிலேயே குழந்தை டாக்டரிடம் போயிருந்தோம். எடை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். பிறந்ததிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு இப்போது கொஞ்சம் படுத்துக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தாய்ப்பாலோடு கொஞ்சம் ஃபார்முலா என்கிற பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்கள், மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் வேறு ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்போம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. என் பால் என் பிள்ளைக்குப் போதவில்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, பாருங்கள். அழுகையாக வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என் லீவும் முடிந்தது. நான் சான்டா கிளாராவுக்கு ஆபீஸ் போயாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வர எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் விசா தேதி கிடைக்கவில்லை. ஆகவே சேனாபதி எட்டு வாரம் லீவு போட்டுவிட்டு, "அம்மிணி, நீ நிம்மதியா போ. என்ற புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருந்தது.

சேனாபதிக்கு ஊர் காங்கேயம் பக்கம். அவருடைய அப்பா பால் சொசைட்டியில் செயலாளர். லாக்டோமீட்டரைப் போட்டு, தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, "எங்க ஊட்டுப் பாலு ஒரு நாளும் தண்ணி பாத்ததில்லீங்க" என்று என் அப்பாவிடம் சொன்ன குடும்பம் அது. என் அப்பாவும் கோயமுத்தூரில் நாற்பது வருஷம் பாக்கெட் பால் குடித்த மனுஷன், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவர், நான் முதல்முதலில் பம்ப் வைத்து எடுத்த பாலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "அம்மிணி, கொஞ்சம் தண்ணியாட்டம் இருக்குதோ?" பிரசவமாகி ஒன்பதாவது நாள் அது. என் கையில் அப்போது இருந்தது குழந்தைக்கு வாய் துடைக்கிற துணி என்பதால் பிழைத்தார். முதலில் வருகிற பால் லேசாக நீலம் பாய்ந்துதான் இருக்கும், போகப்போகத்தான் கொழுப்பு வரும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனுஷன் அதையும் தலையாட்டிக் கேட்டிருந்தார்.

ஆபீஸ் போவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு தாள் முழுக்க எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எடுத்த பாலில் தேதியும் நேரமும் எழுதி லேபிள் ஒட்ட வேண்டும். வெளியே வைத்தால் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள். கதவுப் பக்கம் வைக்கக் கூடாது, உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பழையதை முதலில் எடுக்க வேண்டும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து உருகவிட்டதை மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. மைக்ரோவேவ் பக்கமே போகக் கூடாது, வெந்நீரில் வைத்துத்தான் சூடு காட்ட வேண்டும். இப்படியே அடி வரைக்கும் போனது. கடைசியில் இடம் இல்லாமல் ஓரத்தில் ஒரே ஒரு வரி: ஃபார்முலா, டப்பாவில் போட்டிருக்கிறபடி.

தாள் முழுக்க என் பாலைப் பற்றி. பவுடருக்கு ஓரத்தில் ஒரு வரி. என்னவோ, வேண்டாத விருந்தாளிக்கு மூலையில் ஒரு நாற்காலி போட்டது மாதிரி எழுதியிருந்தேன். அந்த விருந்தாளிதான் பிறகு வீட்டையே கலக்கிவிட்டது.

திங்கட்கிழமை நல்லபடியாகப் போனது. ஆபீஸில் தாய்மார்கள் பால் எடுக்க ஒரு சின்ன அறை உண்டு. ஒரு நாற்காலி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், சுவரில் யாரோ ஒட்டிய கடற்கரைப் படம். மூன்று தடவை போய் உட்கார்ந்து எடுத்தேன். மொத்தம் ஏழு அவுன்ஸ். ஏழு அவுன்ஸுக்கு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? பாப்பா போட்டோவைப் பார்த்தால் பால் இறங்கும் என்றார்கள். போட்டோவைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் இறங்கியது. இருந்தாலும் அதை ஐஸ் பையில் வைத்துச் சீட் பெல்ட் போடாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன். சேனாபதி சிங்க் முன்னால் நின்று ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளையாக ஓடுகிறது.

"மாமா! என்னங்க கொட்டறீங்க?"

"மிச்சம் அம்மிணி. ரெண்டு அவுன்ஸ் உன்ற பாலு, ரெண்டு அவுன்ஸ் ஃபார்முலா, கலந்து குடுத்தேன். பாதிதான் குடிச்சா. ஒரு மணி நேரம் ஆயிருச்சு. ஃபார்முலா கலந்தா வாய் வச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதில்ல?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கலந்துவிட்டால் ஃபார்முலாவின் கணக்குத்தான், தாய்ப்பாலின் கணக்கு செல்லாது. எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்? கடற்கரைப் படத்தை வெறித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக நான் எடுத்தது அந்த ஓட்டையில் போய்க்கொண்டிருந்ததே!

"என்ற பால கொட்டறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? அது என்ன, டாங்கர் லாரில வருதா? இனிமே ஒரு சொட்டு வேஸ்ட் ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேனுங்க, சொல்லிட்டேன்!"

எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் விட்டுப்போகாது. அதனாலேயே என் சண்டைக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சேனாபதி ஒன்றும் பேசவில்லை. பாட்டிலைக் கழுவிக் காயவைத்தார். அவர் பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. காலி பாட்டில். கீழே ஒரு கட்டைவிரல். சாயங்காலம் இன்னொரு காலி பாட்டில். வியாழன் காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து சீட் விஷாகாவிடம் அந்தக் காலி பாட்டில்களை எல்லாம் வரிசையாகக் காட்டினேன். "ஹஸ்பண்ட் சூப்பர்!" என்றாள் அவள். ஆமாம், சூப்பர்தான் என்று நானும் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இரண்டு மணிக்கு இன்னொரு மெசேஜ். "இன்னிக்கு டயாபர் செலவே இல்ல அம்மிணி. காலைல இருந்து ஒண்ணே ஒண்ணுதான்."

மெசேஜை மறுபடி படித்தேன். தென்றல் மத்தியானத்துக்குள் நாலு டயாபர் நனைக்கிற பிள்ளை. உடனே போன் போட்டேன்.

"மாமா, பாப்பா என்ன பண்றா?"

"கொஞ்சம் நசநசன்னு இருந்தா. அழுதுட்டு இப்பத்தான் தூங்கறா. நேத்துல இருந்து ஆயி போகவும் முக்கறா பாவம்."

"பால் எப்படி கலந்தீங்க?"

"அதுதான் அம்மிணி, உன்கிட்ட சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன். தண்ணிய நிறுத்திட்டேன்! ரெண்டு அவுன்ஸ் உன்ற பாலு, அதுலயே ஒரு ஸ்கூப் பவுடர போட்டுக் குலுக்கிர்றேன். நாலு அவுன்ஸ் குடிக்க மாட்டேங்கறா, ரெண்டு அவுன்ஸ்னா முழுசா குடிச்சர்றா. சத்தும் உள்ள போச்சு, மிச்சமும் இல்ல. பாலுல போயி எதுக்குத் தண்ணி ஊத்தோணும்னு தோணுச்சு."

எழுந்து நின்றுவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்தத் தளத்தில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாமலே அர்த்தம் புரிந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்கிங்குக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஜெபினா. அந்தக் கிளினிக்கில் நர்ஸ், நாகர்கோவில் பெண், என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பேடிக்காதீங்க, பயப்பட வேண்டாம்" என்றாள். "உங்க ஹஸ்பண்டையும் லைன்ல போடுங்க."

போட்டேன். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை பாட்டில் அப்படிக் கொடுத்தீங்க? நாலு. எழுப்பினா முழிச்சுப் பாக்கிறாளா? பார்க்கிறாள். வாய்க்குள்ள ஈரம் இருக்கா? இருக்கிறது. அழுதா கண்ணீர் வருதா, உச்சிக்குழி உள்ள போயிருக்கா?

"கண்ணீர் வருதுங்க. குழி அப்படியேதான் இருக்குதுங்க" என்றார் சேனாபதி. அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தண்ணி கொஞ்சம் குடுக்கட்டுங்களா?"

"வெறும் தண்ணி ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. அம்மா பால் ஃபிரிட்ஜ்ல இருக்கில்ல? அத மட்டும், எதுவும் கலக்காம கொடுங்க. கொடுத்துட்டு உடனே இங்க கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்."

சான்டா கிளாராவிலிருந்து டப்ளினுக்கு 680 ஃப்ரீவேயில் அந்த நேரத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது ஓட்டுவது இல்லை, நகர்வது. மில்பிடாஸ் தாண்டுவதற்குள் நான் சேனாபதியை இருபது தடவை திட்டினேன். சுனோல் மேட்டில் வண்டி நின்றபோது பெயிண்ட் டப்பா ஏற்றிய லாரிக்காரனையும் சேர்த்துத் திட்டினேன். அப்புறம் யாரையும் திட்டத் தோன்றவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பால் மொத்தமும் வற்றிப்போனாலும் பரவாயில்லை, அவள் நன்றாக இருந்தால் போதும் என்று அந்த மேட்டில்தான் முதல்முறையாக நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்து முடித்திருந்தார். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள். ரிசல்ட் வரக் கொஞ்ச நேரமாகும், உட்காருங்கள் என்றார்கள். தென்றலுக்குக் காலில் பொம்மை படம் போட்ட பிளாஸ்டர். என்னைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். நான் அழுதேன்.

சேனாபதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பால் கறை. இரண்டு கால்களில் இரண்டு வேறு செருப்பு. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"டப்பால தண்ணின்னுதான் போட்டிருக்குது அம்மிணி. படிச்சேன். படிக்காம பண்ணல."

"படிச்சுப்போட்டுமா?"

"அது பாலு இல்லாதவங்களுக்குன்னு நெனச்சுப்போட்டேன். பாலு இல்லாதவங்க தண்ணில கலக்கோணும். நமக்குத்தான் பாலு இருக்குதே."

திட்டுவதற்கு நான் ஒரு ஃப்ரீவே முழுக்கத் தயார் பண்ணிக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. நமக்குத்தான் பால் இருக்குதே. இரண்டு வாரமாக நான் என்னையே பால் இல்லாதவள் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுஷன் என்னடாவென்றால், தண்ணீர் கலந்தால் தரம் குறைந்துவிடும் என்று என் பாலுக்குக் காவல் இருந்திருக்கிறார். சிரிப்பதா, அழுவதா, இன்னும் இரண்டு திட்டுத் திட்டுவதா என்று தெரியாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும்தான் அந்த மெரட்டு மெரட்டினேன்" என்றேன். "ஒரு சொட்டு கொட்டுனா மனுஷியா இருக்க மாட்டேன்னு."

"அதுக்கு நான் பயந்தது வாஸ்தவம்தான்" என்றார்.

ஜெபினா ரிசல்ட்டோடு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், நாலு பாட்டிலோடு போயிற்று, இன்று ராத்திரிக்குள் டயாபர் நனையவில்லை என்றால் கூப்பிடுங்கள் என்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்து எங்கள் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்தப் பவுடர் கணக்கு தண்ணியோட சேத்து வச்ச கணக்கு. தண்ணியக் குறைச்சா உப்பும் புரோட்டீனும் குழந்தைக்குத் தாங்காது, கிட்னிக்கு வேலை ஜாஸ்தி. அம்மா பால் தண்ணிக்குப் பதில் இல்ல. மொதல்ல தண்ணி அளந்து ஊத்தணும், அப்புறம் பவுடர், குலுக்கணும். அது முழு ஃபார்முலாவா ஆன பிறகு வேணும்னா பால் சேக்கலாம்."

"சேத்தா மிச்சம் ஆகுதுங்களே. இவ கொட்ட விட மாட்டேங்கறா."

இருந்த இடத்திலிருந்தே முறைத்தேன். ஜெபினா சிரித்துவிட்டாள்.

"அப்ப எதுக்கு சேக்கறீங்க? ரெண்டு பாட்டில் வைங்க. மொதல்ல அம்மா பால் மட்டும். அது முடிஞ்ச பிறகு சின்ன பாட்டில்ல ஃபார்முலா. மிச்சம் வந்தா அதுல வரட்டும், அதக் கொட்டுங்க."

நானும் சேனாபதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள். இரண்டு பாட்டில் என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், ஆறவைத்த தண்ணீரை சேனாபதி பாட்டிலில் ஊற்றி, கண்ணுக்கு நேராக வைத்து அளவு பார்த்து, பிறகு ஒரு ஸ்கூப் பவுடரைத் தட்டாமல் வழித்துப் போட்டார். "எங்கப்பாரு மட்டும் இதப் பாத்தாருன்னா..." என்று ஆரம்பித்தார். "உங்கப்பாருகிட்ட நான் பேசிக்கறேனுங்க, குலுக்குங்க" என்றேன். ஏழு மணிக்கு டயாபர் நனைந்தது. ஒரு நனைந்த டயாபரைச் சுற்றி நின்று இரண்டு படித்த மனிதர்கள் கைதட்டியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை எடை பார்த்தார்கள். கோடு நிமிர்ந்திருந்தது. பிரமாதமாக ஒன்றும் இல்லை, சோம்பேறி படுக்கையை விட்டு எழுந்த அளவுக்குத்தான். ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் வேண்டாம், இப்படியே போங்கள் என்றார் டாக்டர். காரில் ஏறியதும் சேனாபதி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் வண்டியைக் கிளப்பவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் கருவேப்பிலையும் தேங்காயும் வாங்க மில்பிடாஸ் போய்விட்டு வந்தேன். சேனாபதி சமையலறையில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஃபார்முலா பாட்டில் இல்லை, என் பாட்டில். பாதி குடித்துவிட்டுத் தென்றல் தூங்கிப்போயிருந்தாள். உள்ளே ஒரு அவுன்ஸ் மிச்சம். வெறும் தாய்ப்பால் என்றால், குடித்து நிறுத்திய பிறகு இரண்டு மணி நேரம் வரை மறுபடி கொடுக்கலாம்.

"எத்தன மணிக்கு நிறுத்துனா?"

"பன்னெண்டரை. இப்ப ரெண்டே முக்கால்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எந்திரிப்பா எந்திரிப்பான்னு பாத்தேன் அம்மிணி. இன்னொரு அஞ்சு நிமிஷம் பாக்கட்டா?"

அந்த ஒரு அவுன்ஸைப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் எடுத்தது, லேபிளில் என் கையெழுத்து. கெட்டியாக, மேலே கொழுப்பு மிதந்து, எந்த லாக்டோமீட்டருக்கும் பதில் சொல்கிற பால். மனசு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, நானே சிங்கில் கவிழ்த்தேன்.

சேனாபதி என்னைப் பார்த்தார். அப்புறம் எட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். வெள்ளை மெல்ல மெல்ல வெளிறித் தண்ணீரோடு போனது. குழாயை அவர்தான் மூடினார்.

"போச்சுங்க மாமா" என்றேன்.

"போனாப் போகுது அம்மிணி" என்றார்.

அந்த நிமிஷம் பார்த்து உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை நேரம் எங்கே போயிருந்தாள் கழுதை! நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். சேனாபதி பின்னாலேயே வந்து, "பாட்டில் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றேன், பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு. "நமக்குத்தான் பாலு இருக்குதே."